ஒரு கல்லூரிக்கு ஒருவர்

என் மேசையில் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். அலுவலகம் அதற்குக் காசு தராது. நானே வாங்கி வைப்பேன். கூட வேலை பார்ப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உனக்கு இடம் கிடைக்காது என்று இருபது வயதுப் பிள்ளைகளிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டியவர்கள் அவர்கள்தான். அதனால் சிரிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

அவசரமில்லை, உங்கள் போக்கில் சொல்லுங்கள் என்றீர்கள். என் போக்கு கொஞ்சம் சுற்றுவழி, மேடம். ஆனால் எதையும் விட்டுவிட மாட்டேன். தட்டச்சு செய்யும் காவலருக்கு வேகம் அதிகமாக இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். அவர் மகள் கணிதம் படிக்கிறாளாம், நீங்கள் வருவதற்கு முன்னால் சொன்னார். மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறேன்.

எங்கள் மையம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே புதுத் தோல் வாடை அடிக்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அங்கே வருவார்கள். வெளிநாடு, விசா என்று பேச வேறு ஆட்கள் உண்டு. என்னிடம் வருவது கணக்குப் பிள்ளைகள். புள்ளியியல், நிதிக் கணிதம் என்று கணக்கைக் கரைத்துக் குடித்தவர்கள் போகிற முதுநிலைப் படிப்புகள் என் பொறுப்பு. அவர்கள் மதிப்பெண்ணை, கல்லூரியை, போன வருடங்களில் யார் யாருக்குக் கிடைத்தது என்பதை எல்லாம் பார்த்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண் சொல்வேன். மற்றவர்கள் பூசி மெழுகுவார்கள். முயற்சி பண்ணிப் பாருங்க, யாருக்குத் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியும் என்பதால் நான் அப்படிச் சொல்வதில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நான்தான் கொண்டுவந்தேன். கணக்கில் ஐந்துக்குக் கீழே வந்தால் பூஜ்யம் என்றே சொல்லிவிட வேண்டும். நாலு, மூணு என்று சொன்னால் பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். பிள்ளை ஒரு வருடத்தை வீணாக்கும். பூஜ்யம் என்றால் அழுது முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகும். இரக்கம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் எல்லோரும் 'பெரிய பல்கலைக்கழகம்' என்று சொல்கிற அந்த இடத்தில் ஒரு புள்ளியியல் படிப்பு இருக்கிறது. இரண்டு வருடம், கட்டணம் கிடையாது, முடித்தால் வாழ்நாளுக்குக் கவலையில்லை. நான் படித்த கல்லூரியிலிருந்தும் அதற்குப் போவார்கள். வருடத்துக்கு ஒருவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவனை எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் ஒருவர். அதற்கும் அடுத்த வருடம் ஒருவர். அதன் பிறகு நான் தயங்கவே இல்லை. ஒரு கல்லூரிக்கு ஒருவர் என்பது அவர்கள் வெளியே சொல்லாத விதி என்று எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடமாக அது ஒரு முறைகூடத் தப்பியதில்லை. அதைச் சொல்லித்தான் எனக்கு மையத்தில் பெயர். எங்கள் முதலாளி புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்க வாயால சொன்னா நடந்துரும்" என்பார்.

தம்பி பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

அவன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். ஆறடி வளர்ந்த பிறகும் குட்டிதான். அப்பாவுக்கு வேறு குடும்பம் இருக்கிறது, அவரை இதில் இழுக்க வேண்டாம். அம்மா ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பட்டம் வாங்கிய வருடம், அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த வாரம்தான் குட்டிக்குப் பள்ளி மைதானத்தில் முதல் முறையாக வலிப்பு வந்தது. பதிமூன்று வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் போயிட்டா நான் ஒருத்தி என்னடி பண்ணுவேன்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஒரு வருடம் பார்த்துக்கொண்டு பிறகு போகலாம் என்று வேலையில் சேர்ந்தேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

நான் அவனை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவன் மேல் உயிரையே வைத்திருந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போனது நான். மாத்திரைக்கு ஏழு அறை உள்ள டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நிரப்பியது நான். கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவனுக்கு அது வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருக்கும். நான் ஒரு பக்கம் எழுதிப் போடுவதை அவன் நாலு வரியில் முடித்துவிட்டு, தப்பு செய்தவன் மாதிரி என் முகத்தைப் பார்ப்பான்.

வீட்டில் அவனுக்காக இரண்டு சட்டங்கள் உண்டு. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அம்மா கழற்றிவிட்டாள். குளிக்கும்போது அவன் வாய் ஓயக்கூடாது. சத்தம் நின்றால் வெளியே இருப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் பாடினான். குரல் உடைந்த பிறகு கீழ்வீட்டுக்காரர் கைகூப்பி வேண்டிக்கொண்டதால் பாட்டை விட்டுவிட்டு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தான். பதினேழாம் வாய்ப்பாடு, இருபத்து மூன்றாம் வாய்ப்பாடு என்று குளியல் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்தபடி ஒப்பிப்பான். கடைசி நாலு வருடம் மாத்திரையால் வலிப்பே வரவில்லை. ஆனாலும் வாய்ப்பாடு நிற்கவில்லை. எங்களுக்குப் பழகிவிட்டது, அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் அம்மாவுக்குக் கை வேலை ஓடும்.

இந்த வருடம் அவனும் என் கல்லூரியிலேயே பட்டம் முடித்தான். ஒரு நாள் மதியம் மையத்துக்கு வந்து, டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் என் எதிர் நாற்காலியில் அமர்ந்தான். முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டான்.

"மேடம், அந்தப் புள்ளியியல் படிப்புக்கு எனக்கு எவ்வளவு சான்ஸ் இருக்கும்னு பாத்துச் சொல்றீங்களா?"

"வீட்ல கேக்க மாட்டியாடா?"

"வீட்ல நீ அக்கா. இங்கதான் உண்மையைச் சொல்லுவ."

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நானும் விண்ணப்பித்திருந்தேன். பட்டம் வாங்கி ஒன்பது வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. குட்டி படித்து முடித்து எங்காவது வேலையில் உட்கார்ந்துவிடுவான், அம்மாவை அவன் பார்த்துக்கொள்வான், நான் போகலாம் என்று நாலு வருடமாக மனதுக்குள் திட்டம் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் என் முகத்தில் நானே விழிக்க முடியாது. ஊருக்கெல்லாம் எண் சொல்கிறவள் இல்லையா.

அவன் மதிப்பெண் பட்டியலை விரித்து வைத்தேன். அவனுக்குத் தொண்ணூறு. அவன் இல்லாவிட்டால் எனக்கு எண்பது. அவன் இருந்தால் எனக்கு மூன்று. எங்கள் வழக்கப்படி பூஜ்யம். இது கணக்கு, மேடம், இதில் கோபம் எதுவும் இல்லை. நான் தலையை நிமிர்த்தி, இருபது என்றேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபது என்று கேட்டவர்கள் எல்லோரும் எழுந்து போனவர்கள். நீலக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். அவள் வகுப்பில் இரண்டாவது. முதல் மதிப்பெண் வாங்கியவனைவிட அரைப் புள்ளிதான் குறைவு. ஒரு கல்லூரிக்கு ஒருவர்தான், முதல்வன் விண்ணப்பிக்கிறான், உனக்கு வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். பெட்டியில் பாதி டிஷ்யூ காலி. இப்போது வங்கிக் கவுன்டரில் இருக்கிறாள், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி மேடம் என்று போன மாதம்கூடச் சொன்னாள்.

குட்டி எழுந்து போகவில்லை. கண்ணை விரித்துச் சிரித்தான்.

"இருபதா? அஞ்சுல ஒண்ணு. பரவாயில்லையேக்கா. போட்டுப் பாக்கலாம்."

எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. கணக்குப் படித்த அத்தனை பேரில் இருபது என்பது பூஜ்யம் அல்ல என்று சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

பிறகு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே முகவரிக்கு வந்தது, விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. அவன் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான். அன்று சாப்பிடும்போது வாய் ஓயவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம், அங்கே ஒரு வீடு எடுக்கலாம், அம்மாவையும் கூட்டிப்போகலாம், மாத்திரை டப்பாவுக்குத் தனியாக டிக்கெட் எடுக்கலாம் என்றான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் விதியைச் சொன்னேன். அவன் சாப்பாட்டில் கை வைத்தபடியே யோசித்தான்.

"அப்படின்னு யார் சொன்னாக்கா?"

"யாரும் சொல்லணுமா? எட்டு வருஷமா பாக்கறேன்."

"சரி, அந்த எட்டு வருஷமும் நம்ம காலேஜ்லேருந்து எத்தனை பேர் போட்டாங்க?"

"சாப்பிடு, ஆறுது" என்றேன்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நிஜமாவே ஒருத்தர்தான்னா நீ போ. நான் விலகிக்கறேன். எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. உனக்கு இல்லை."

இதை நான் மறைக்கலாம். இதைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. ஆனால் முழுசாகச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னால் அப்போதே கொடுத்திருப்பான். நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் விலகி எனக்குக் கிடைத்தால், அது தம்பி போட்ட பிச்சை. வாழ்நாள் முழுவதும் அவன் அதைச் சொல்லிக்காட்ட மாட்டான், அதுதான் இன்னும் மோசம். எனக்கு வேண்டியது தகுதியால் கிடைக்கும் இடம். அவன் போட்டியில் இருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வர முடியாமல் போக வேண்டும். உடம்பு சரியில்லாமல் ஒருவர் வராமல் போனால் அது யாருடைய தானமும் இல்லை. எந்தத் தேர்விலும் நடப்பதுதான்.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று நாலு வருடத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லியிருந்தார். குட்டியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், ஆனால் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கவனித்துக் கேட்டேன். நான்தான் எப்போதும் கவனித்துக் கேட்பவள். சில நாள் விட்டாலே திரும்ப வரலாம், தூக்கமும் கெட்டால் கண்டிப்பாக வரும் என்றார். வந்தால் ஒன்றிரண்டு நிமிடம் இழுக்கும், பிறகு ஒரு நாள் முழுக்க அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். அதை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம். ஒரு நாள் தூங்கினால் போதும்.

எழுத்துத் தேர்வும் நேர்முகமும் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வாரத்து ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நிரப்பும்போது, வழக்கமாக வாங்குகிற மருந்துக்கடையிலேயே வாங்கிய சத்து மாத்திரைகளைப் போட்டேன். அதே வெள்ளை, அதே அளவு. அவனுடைய நிஜ மாத்திரைகளைத் தூக்கிப் போடவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் திரும்ப வைப்பதற்காக என் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். நான் எதையும் நிரந்தரமாக எடுக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கூடவே அந்த வாரம் அவனுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தேன். விடியுமுன் எழுப்பிவிடுவேன். தூக்கம் சொக்கும் கண்ணோடு உட்கார்ந்து, "உனக்கும் பரீட்சை இருக்குக்கா, எனக்காக ஏன் மெனக்கெடறே?" என்பான். படிடா என்பேன். ஒவ்வொரு வேளையும் தண்ணீர் டம்ளரை நான் எடுத்துக் கொடுக்க, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டுவான்.

புதன், வியாழன், வெள்ளி எதுவும் ஆகவில்லை. சனிக்கிழமை காலை அவன் பல் தேய்த்துக்கொண்டே வந்து வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். என் கணக்கில் எங்கே பிழை என்று தேடினேன். அன்றைக்கு ஒரே கணக்கை மூன்று முறை தப்பாகப் போட்டேன். மனசாட்சி என்று நீங்கள் நினைக்கலாம். பரீட்சை பயம்தான்.

உயிர் போகும் என்று எண்ணியிருந்தாயா என்று நேற்று இன்னொரு அதிகாரி கேட்டார். எண்ணினேன். எதையும் எண்ணாமல் நான் செய்வதில்லை. அதற்கு மிகமிகச் சின்ன எண்தான் வந்தது. ஐந்துக்கு வெகு கீழே. எங்கள் வழக்கப்படி அது பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தையற்கடைக்குப் போயிருந்தாள். நேர்முகத்துக்கு அவனுக்கு வாங்கிய சட்டைக்குக் கை நீளம், குறைக்கக் கொடுத்திருந்தாள். வீட்டில் நானும் அவனும். அவன் குளிக்கப் போனான். நான் கூடத்து மேசையில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பேருந்துக்காக ஏற்கெனவே காத்திருக்கும் ஒருவர் இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்கிற வகைக் கணக்கு. பார்க்க எளிது, பாதியில் காலை வாரும்.

உள்ளே வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பதினேழு.

"ஆறு பதினேழு நூத்தி ரெண்டு. ஏழு பதினேழு..."

நின்றது.

முகத்துக்குச் சோப்பு போடுகிறான் என்று சொல்லிக்கொண்டேன். தண்ணீர் அலையும் சத்தம் கேட்டது, பிறகு ஏதோ தொட்டியின் விளிம்பில் இடிக்கும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. மேசையிலிருந்து அந்தக் கதவு எட்டுக் காலடி தூரம் இருக்கலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவு என்று முன்பே சொன்னேன்.

நூற்றுப் பத்தொன்பது என்று மனதுக்குள் சொன்னேன், அவன் சொல்லவில்லை என்பதால். பிறகு பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. விடை வந்த பிறகு ஒரு முறை சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் எழுந்து போனேன்.

இதை எழுதிக்கொண்டாரா காவலர்? எழுதட்டும். எழுதுவதற்காகத்தான் சொல்கிறேன். மாத்திரையை மாற்றியது நான். சத்தம் நின்றதைக் கேட்டவள் நான். போகாமல் உட்கார்ந்திருந்தவளும் நான். அவன் படுக்கையில் விழுவான், தூங்குவான் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி என் கணக்கில் இல்லை. ஆனால் தொட்டிக்குள் அவன் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அப்போது எழுந்தால் அவன் பிழைத்துவிடுவான், திங்கட்கிழமை எழுந்து உட்கார்ந்தும் விடுவான் என்று பட்டது. அப்படிப்பட்ட பிள்ளை அவன். காய்ச்சலில் போய்த் தேர்வு எழுதி முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

அம்மா சட்டையோடு திரும்பி வந்தபோது நான் அவனைத் தரையில் கிடத்தி மாரை அழுத்திக்கொண்டிருந்தேன். உண்மையாகவே அழுத்தினேன், நடிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்தான் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அங்கே கேட்டால் காட்டவென்று அம்மா மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை. அது ஒன்றுதான் நான் கவனிக்காதது.

திங்கட்கிழமை உடலைத் தருவதற்கு மதியம் ஆகும் என்றார்கள். காலையில் வீட்டில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. சொந்தக்காரர்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் குளித்து, தலை வாரி, தேர்வு நடக்கிற, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் விடுதியின் கூட்ட அறைக்குப் போனேன். மருத்துவச் சான்றிதழ் விஷயமாக அலைகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எழுத்துத் தேர்வில் ஏழு கேள்வி, ஒன்று காத்திருப்புக் கணக்கு. நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, அடுத்த எண்ணுக்கு உரியவர் இன்னும் வரவில்லை, அவருக்கும் உங்கள் முகவரிதான் போட்டிருக்கிறதே, தெரியுமா என்று கேட்டார்.

"தம்பி. வர மாட்டான்" என்றேன்.

அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அந்த வருத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி நன்றாகவே பதில் சொன்னேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா எதையும் வீணாக்காதவள். டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை இரவு மாத்திரை மிச்சம் இருந்தது. வேறு யாராவது பிள்ளைக்கு உதவட்டும் என்று, பிரிக்காத அட்டைகளோடு அதையும் சேர்த்து மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைக்காரர் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாராம். இது நம்ம கடை சத்து மாத்திரை, உங்க பொண்ணு வாங்கிட்டுப் போனாங்களே என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து டப்பாவை என் மேசையில் வைத்தாள்.

"இது என்ன மாத்திரைடி?"

"சத்து மாத்திரைம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. அவள் டப்பாவை மூடினாள். "தண்ணிகூட உன் கையாலதானே வாங்கிக் குடிச்சான்" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. புதுச் சட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கி நேராக உங்களிடம் வந்தாள். எனக்கு அவள் மேல் வருத்தம் இல்லை. அவளுக்கு என்னை இனி எப்போதும் பிடிக்கப்போவதில்லை என்று தெரிகிறது. அதைத் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. இரவில் வாய்ப்பாடு கேட்கிறது என்று சொன்னால் நீங்கள் வேறு மாதிரி எழுதிக்கொள்வீர்கள், அதனால் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். எட்டு வருடமும் உங்கள் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டீர்கள். கேட்ட விதமும் குட்டி மாதிரியே இருந்தது, அதனால்தான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

முதல் வருடம் இரண்டு பேர். கிடைக்காதவனுக்கு மதிப்பெண் மிகக் குறைவு. அதன் பிறகு வருடத்துக்கு ஒருவர். ஏன் ஒருவர் என்றால், மற்றவர்கள் விண்ணப்பிக்கவில்லை. ஏன் விண்ணப்பிக்கவில்லை என்றால், அவர்கள் என்னிடம் வந்தார்கள். வருடத்துக்கு நாலைந்து பேர் அந்த நாற்காலியில் உட்காருவார்கள். முதல் மதிப்பெண்காரரைப் போகச் சொல்வேன், மற்றவர்களிடம் டிஷ்யூ பெட்டியை நகர்த்துவேன்.

இன்று காலை நீங்கள் அந்தத் துறைத் தலைவரோடு தொலைபேசியில் பேசியதாகச் சொன்னீர்கள். அப்படி ஒரு விதியே அவர்களிடம் கிடையாதாம். தகுதி இருந்தால் ஒரே கல்லூரியிலிருந்து பத்துப் பேரைக்கூட எடுப்பார்களாம். நல்ல கல்லூரியாயிற்றே, ஏன் வருடத்துக்கு ஒரே ஒருவர்தான் விண்ணப்பிக்கிறார் என்று அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். விண்ணப்பங்களைப் பார்த்தபோதே அக்கா தம்பி இரண்டு பேரையும் எடுப்பதாகத்தான் இருந்தார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மேசை மேல் டிஷ்யூகூட எடுத்து வைத்திருந்தீர்கள், நல்ல மனசு.

அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. பெரிய பதவியில் இருப்பவர்கள் வெளியே அப்படித்தான் சொல்வார்கள். பத்துப் பேரைக்கூட எடுப்போம் என்பது வாய் வார்த்தை. நான் பேசுவது நடந்ததை வைத்து. போன வியாழக்கிழமை முடிவு வந்ததை நீங்களும் பார்த்தீர்கள், என் பெயர் இருக்கிறது. காவலரின் மகள் எங்கள் கல்லூரி என்றால், தன் வகுப்பில் முதல் இடம் இல்லாத பட்சத்தில் வீணாக ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த வருடமும் எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது, மேடம். என் கணக்கு இதுவரை தப்பியதில்லை.